"குழின்னு நினைச்சேன் சார்": பெஸ்தாரி ஜெயா சாலையில் ஒரு சைக்கிள் விபத்து

மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். ஊர்க்காரர்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சிலாங்கூர் ஆற்றை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் ஈயம் தோண்டிய குளங்கள், மறுபக்கம் செம்பனைத் தோட்டங்கள். ஈயம் போன நிலத்தில் இப்போது மணல் எடுக்கிறார்கள். அதனால் விடியுமுன்பே மணல் லோரிகள் ஓடத் தொடங்கிவிடும். தோட்ட வேலைக்குப் போகிறவர்களின் சைக்கிள்களும் அதே நேரத்தில்தான் சாலைக்கு வரும்.

நான் இந்த வட்டாரத்தில் பத்தொன்பது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். சென்ற ஆண்டு மாசி மாதம் ஒரு காலையில், சைக்கிளில் போன 63 வயதுப் பெரியவர் ஒருவரைக் கார் ஒன்று இடித்துத் தள்ளியது. காரை ஓட்டியவன் என்னிடம் படித்த பையன். பெரியவரை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். என் அப்பாவோடு ஒரே பெரட்டில், அதாவது தோட்டத்தில் காலையில் பெயர் கூப்பிடும் வரிசையில் நின்றவர். இருவரிடமும் பலமுறை உட்கார்ந்து பேசினேன். இருவரும் எழுதச் சொன்னார்கள். பெயரையும் தோட்டத்தையும் தாமானையும் (குடியிருப்புப் பகுதி) மட்டும் விட்டுவிடுகிறேன்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் அந்தப் பையன் சொன்ன ஒரு வார்த்தை. பிறகு அதற்கு வருகிறேன்.

அந்தக் காலை

பெரியவர் முப்பத்தைந்து வருடம் தோட்டத்திலேயே குடியிருந்தவர். லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடு) பெரட்டுக் களத்துக்கு நடந்தே போவார். செம்மண் பாதை, எதிரே வந்தால் டிராக்டர், இல்லையென்றால் கிராணி எனப்படும் தோட்டத்து எழுத்தரின் மோட்டார் சைக்கிள். பிறகு லயங்களை இடித்துவிட்டு ஊருக்குப் பக்கத்துத் தாமானில் வீடு கொடுத்தார்கள். வீடு கல் வீடு, குழாயில் எந்நேரமும் தண்ணீர் வருகிறது, அவர் குறை சொல்லவில்லை. ஆனால் ஓய்வு பெற்ற பிறகும் குத்தகைக்காரரிடம் மருந்தடிக்கவும் உதிரிப் பழம் பொறுக்கவும் அதே தோட்டத்துக்குப் போகிறார். முன்பு அவர் வேலைக்குப் போகும் வழியில் பெரிய சாலையே கிடையாது. இப்போது நாலு கிலோமீட்டர் பெரிய சாலை.

அன்று காலை ஆறு நாற்பது. நம் தீபகற்பத்தில் 1982 ஜனவரி முதல் நாள் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். வயதானவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். மாசி மாதத்தில் இங்கே சூரியன் ஏழே காலுக்கு மேல்தான் வருகிறது. ஆகவே ஆறு நாற்பது என்பது நல்ல இருட்டு. இரண்டு பக்கமும் செம்பனை, தெருவிளக்கு தாமான் சந்தியோடு முடிந்துவிட்டது.

சைக்கிளில் டைனமோ கெட்டுப் பல மாதமாகிறது. முன்னால் ஒரு சின்ன டார்ச்சை ரப்பர் வளையத்தால் கட்டியிருந்தார். பின் மட்கார்டில் இருந்த சிவப்புக் கண் பாதி உடைந்தது. சட்டை கருநீலம். இதை மறைத்து எழுதுவது சரியாகாது, அவரும் மறைக்கவில்லை.

பின்னால் மணல் லோரி ஒன்று வந்தது. எதிரேயும் ஒரு லோரி. பின்னால் வந்த லோரிக்காரர் பெரியவரைப் பார்த்திருக்கிறார்; கொஞ்சம் வலது பக்கம் ஒடித்து, கடந்து, உடனே உள்ளே வந்துவிட்டார். லோரிக்குப் பின்னால் கார். கார் ஒடிக்கவே இல்லை. இடது பக்கக் கண்ணாடி பெரியவரின் வலது முழங்கையிலும் ஹேண்டிலிலும் பட்டது. அவர் புல்லைத் தாண்டிக் காட்டுவாய்க்கால் ஓரமாய் விழுந்தார். காறை எலும்பு முறிந்தது. இடுப்பில் சிராய்ப்பு, முன் சக்கரம் எட்டாய் வளைந்துவிட்டது.

பையன் நிறுத்தினான். ஓடிவந்து தூக்கினான். ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினான், அது வரும்வரை தன் ஜெர்சியைச் சுருட்டிப் பெரியவர் தலைக்குக் கீழே வைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இது ஒரு கெட்ட பையனின் கதை கிடையாது. கெட்டவனாக இருந்திருந்தால் ஆராய்ந்து எழுத எதுவும் இருந்திருக்காது.

நாடாவும் கணக்கும்

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காள் மகனைக் கூட்டிக்கொண்டு அந்த இடத்துக்குப் போய் நாடா பிடித்தேன். நடுக்கோட்டிலிருந்து ஓரத்து வெள்ளைக் கோடு வரை 3.2 மீட்டர். வெள்ளைக் கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தார், அதுவும் கடித்துத் துப்பியது போல உடைந்திருக்கிறது. அதன்மேல் லோரிகளிலிருந்து கொட்டிய மணல் திட்டுத் திட்டாய்க் கிடக்கிறது. அப்புறம் புல், அப்புறம் வாய்க்கால்.

அந்த மணல்தான் முக்கியம். காரில் போகிறவருக்கு அது கண்ணிலேயே படாது. நாலு சக்கரத்துக்கு அது ஒன்றுமில்லை. சைக்கிளின் மெல்லிய சக்கரத்துக்கு அது எண்ணெய் மாதிரி. ஹேண்டிலைக் கொஞ்சம் திருப்பினால் போதும், முன் சக்கரம் வழுக்கிவிடும். அதனால் சைக்கிள்காரர் யாரும் கோட்டுக்கு வெளியே போவதில்லை. கோட்டுக்கு உள்ளே இரண்டு சாண் தள்ளித்தான் ஓட்டுகிறார்கள். இதைப் பார்க்கும் கார்க்காரர், "அவ்வளவு இடம் இருக்கு, நடு ரோட்டுல போறாரு பாரு" என்கிறார். நானே சொல்லியிருக்கிறேன்.

பெரியவரின் டயர் கோட்டிலிருந்து 40 சென்டிமீட்டர் உள்ளே என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில் அகலம் 60. ஆக அவருடைய வலது கை கோட்டிலிருந்து 70 சென்டிமீட்டரில் இருக்கிறது. மீதி 2.5 மீட்டர். மலேசியாவில் லோரிக்கு அனுமதித்த உச்ச அகலம் அதே 2.5 மீட்டர். அதாவது தன் லேனுக்குள்ளேயே இருந்துகொண்டு லோரி அவரைக் கடந்தால் நடுவில் மிச்சம் பூஜ்யம். ஒரு மீட்டர் இடைவெளி விட வேண்டுமானால் லோரி நடுக்கோட்டைத் தாண்டி ஒரு மீட்டர் அந்தப் பக்கம் போக வேண்டும். எதிரே வண்டி வந்தால் போக முடியாது. அப்போது செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: சைக்கிளுக்குப் பின்னால் காத்திருப்பது.

காத்திருந்தால் எவ்வளவு நஷ்டம்? சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் போகிறது. அறுபதில் வந்த கார் அதன் பின்னால் பத்து விநாடி போனால் 42 மீட்டர் நகர்ந்திருக்கும். அந்த 42 மீட்டரை அறுபதில் கடக்க இரண்டரை விநாடி போதும். ஆக நஷ்டம் ஏழரை விநாடி, மறுபடி வேகம் எடுக்க இன்னும் சில விநாடி. என் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டியபோது ஒரு பெண் பிள்ளை, "சார், நான் ரெண்டு நிமிஷம் போகும்னு நினைச்சிருந்தேன்" என்றாள். பின்னால் காத்திருக்கும்போது நேரம் நீண்டு தெரிவது உண்மை. அந்த அவசரத்தில்தான் பலர் கடக்கிறார்கள்.

இப்போது காருக்கு வருவோம். லோரிக்கும் தனக்கும் இரண்டு கார் நீளம் இருந்தது என்றான் பையன், கிட்டத்தட்ட பத்து மீட்டர். அறுபதில் ஓடும் காருக்கு அது 0.6 விநாடி. நான் கற்றுக்கொடுத்தது இரண்டு விநாடி, அதாவது 33 மீட்டர். லோரியின் வால் விலகிப் பெரியவர் கண்ணுக்குத் தெரியும்போது இருவருக்கும் நடுவில் பத்து மீட்டர். இருவர் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம் 45 கிலோமீட்டர். 0.8 விநாடியில் தொட்டுவிடும். பிரேக்கில் கால் வைக்கவே சாதாரண மனிதருக்கு ஒரு விநாடி ஆகும். கார் லேனின் நடுவில் ஒழுங்காகத்தான் போனது. கார் 1.7 மீட்டர் அகலமென்றால் இரண்டு பக்கமும் 75 சென்டிமீட்டர். பெரியவரின் கை 70இல். உடம்பு தப்பியது, வெளியே நீட்டியிருந்த கண்ணாடி தப்பவில்லை.

"திடீர்னு வந்தாரு"

போலீஸ் ரிப்போர்ட்டில் பையன் எழுதியது இது: சைக்கிள் திடீரென்று முன்னால் வந்தது, தவிர்க்க முடியவில்லை. பொய் எழுதவில்லை. அவனுக்கு அப்படித்தான் தெரிந்தது. ஆனால் 15 கிலோமீட்டரில் நேர்கோட்டில் போய்க்கொண்டிருந்த மனிதர் எப்படித் திடீரென்று வர முடியும்? அவர் அங்கேதான் இருந்தார். திடீரென்று வந்தது கார்.

மூன்றாவது முறை பேசியபோது வேறு கேள்வி கேட்டேன். "லோரி ஒடிச்சதைப் பார்த்தியா?"

"பார்த்தேன் சார். டெயில் லைட் வலது பக்கம் போயிட்டுத் திரும்பி வந்துச்சு."

"அப்போ என்ன நினைச்சே?"

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னான். "குழின்னு நினைச்சேன் சார். ரோட்டுல குழி இருக்கு, லோரிக்காரன் தவிர்க்கிறான், நம்ம சின்ன காடி, குழி ஓரத்துல இருக்கு, நமக்குப் படாதுன்னு நினைச்சேன்."

அவன் தினமும் போகிற சாலை அது. அந்த நேரத்தில் அந்த இடத்தில் சைக்கிள்கள் போவது அவனுக்குத் தெரியும். "தினமும் பார்ப்பேன் சார், நாலஞ்சு பேரு போவாங்க" என்று அவனே சொன்னான். தினமும் பார்த்தும், லோரி விலகியதும் மனதில் முதலில் வந்தது குழி. மனிதர் என்ற எண்ணமே வரவில்லை. அப்படி வந்திருந்தால் காலை எடுத்திருப்பான். லோரி விலகிய அந்த ஒரு அசைவுதான் அவனுக்குக் கிடைத்த ஒரே எச்சரிக்கை.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. இந்தப் பையனுக்கு நான் என்னென்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாய் நினைத்துப் பார்த்தேன். கண்ணாடி பார்ப்பது, மேட்டில் நிறுத்தி எடுப்பது, மூன்று புள்ளித் திருப்பம், மோட்டார்காரர்கள் இடது பக்கம் நுழைவார்கள் கவனம் என்பது. இந்த நாட்டில் சாலையில் இறப்பவர்களில் பாதிக்கு மேல் மோட்டாரில் போகிறவர்கள். அதனால் மோட்டாரைப் பற்றி நிறையச் சொல்வேன். சைக்கிளைப் பற்றி என் வாயிலிருந்து வந்த ஒரே வார்த்தை, "சைக்கிள் போகுது, ஹாரன் அடி."

ஹாரன் அடித்தால் என்ன ஆகும் என்று பெரியவரிடம் கேட்டேன். "தூக்கிவாரிப் போடும் தம்பி. என்னவோ ஏதோன்னு திரும்பிப் பார்ப்பேன்" என்றார். வலது தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கும்போது கை தானாக ஹேண்டிலை வலது பக்கம் இழுக்கும். காரின் பக்கம். உள்ளே இருப்பவர், "பாரு, ஹாரன் அடிச்சும் உள்ள வர்றாரு" என்பார்.

மற்ற இடங்களில் அளந்து பார்த்தவர்கள்

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் இயன் வாக்கர் 2006இல் தன் சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு தானே சாலையில் ஓட்டினார். 2,300க்கும் மேற்பட்ட வண்டிகள் அவரைக் கடந்தன. தலைக்கவசம் போட்டிருந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கி வந்தன என்று அவருடைய கணக்கு. நீளமான பெண் தலைமுடியை ஒட்டவைத்துக்கொண்டு ஓட்டியபோது 14 சென்டிமீட்டர் விலகிப் போயின. தலைக்கவசக் கணக்கைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் மறுத்தும் எழுதினார்கள். எப்படியானாலும் தலைக்கவசத்தைக் கழற்றிவிடுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கடப்பவர் ஒரு நொடியில் ஆளை எடை போட்டு, அதற்கேற்ப இடம் விடுகிறார் என்பதைத்தான் அதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். வாக்கரே 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில் ஏழு விதமான உடை போட்டுப் பார்த்திருக்கிறார். பளிச்சென்ற சட்டையோ பந்தய உடையோ பெரிய வித்தியாசம் காட்டவில்லை. போலீஸ் என்றும் வீடியோ எடுக்கப்படுகிறது என்றும் எழுதிய மேலாடைக்கு மட்டும் கொஞ்சம் விலகினார்கள். எதைப் போட்டாலும் நூற்றில் ஒன்றிரண்டு வண்டிகள் 50 சென்டிமீட்டருக்குள் உரசிக்கொண்டு போயின.

இதை எங்கள் தாமானில் ஓர் அக்கா எந்தக் கருவியும் இல்லாமல் கண்டுபிடித்திருக்கிறார். தினமும் சைக்கிளில் வீட்டு வேலைக்குப் போகிறவர். "பேத்தியப் பின்னால உக்கார வச்சுக்கிட்டா காடிக்காரன் ஒதுங்கிப் போறான் தம்பி. தனியாப் போனா சேலைய உரசிக்கிட்டுப் போறான்." பேத்தி அவருடைய கேடயம் மாதிரி ஆகிவிட்டாள்.

ஆஸ்திரேலியாவில் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர் தலைமையில் 2019இல் வெளிவந்த ஆய்வு இன்னும் கசப்பானது. 442 பேரிடம், குரங்கிலிருந்து மனிதன் வரை வரைந்த ஒரு படத்தையோ கரப்பான் பூச்சியிலிருந்து மனிதன் வரை வரைந்த இன்னொரு படத்தையோ காட்டி, சைக்கிள் ஓட்டுபவரை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார்கள். சைக்கிள் ஓட்டாதவர்களில் 55 சதவிகிதம் பேர் முழு மனிதன் என்ற இடத்தில் வைக்கவில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்களிலேயே 30 சதவிகிதம் பேர் வைக்கவில்லை. கேட்கப்பட்டவர்களில் 17 சதவிகிதம் பேர் வேண்டுமென்றே காரைக் கொண்டு சைக்கிளை மறித்ததாகவும், 11 சதவிகிதம் பேர் வேண்டுமென்றே நெருக்கி ஓட்டியதாகவும் ஒப்புக்கொண்டார்கள். இதைப் பையனிடம் சொன்னேன். "நான் அப்படியெல்லாம் நினைச்சதே இல்ல சார்" என்றான். நினைக்கவில்லை என்பது எனக்கும் தெரியும்.

மூன்றாவது ஒன்று, எனக்கு மிகவும் பயன்பட்டது. பிரிஸ்பேனில், இரவு நேரத்தில், கார் ஓட்டுபவர்கள் சைக்கிள்காரரை அடையாளம் காண்கிறார்களா என்று சோதித்து 2012இல் வெளியிட்டார்கள். கறுப்புச் சட்டை போட்டவரை 2 சதவிகிதம் பேர்தான் கண்டுகொண்டார்கள். பளபளக்கும் மஞ்சள் மேலாடை என்றால் 15. வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும் பட்டை வைத்த மேலாடை என்றால் 50. அதோடு கணுக்காலிலும் முழங்காலிலும் அதே பட்டையைக் கட்டினால் 90. பெடல் சுற்றும்போது காலில் இரண்டு வெளிச்சம் மேலும் கீழும் போய்வருகிறது. அந்த அசைவு மனிதக் கால் என்று மூளைக்கு உடனே தெரிந்துவிடுகிறது. ஒரு சிவப்பு விளக்கு கம்பமாகவும் இருக்கலாம், குழிக்கு வைத்த எச்சரிக்கையாகவும் இருக்கலாம். மேலும் கீழும் போகும் கால் வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

யார் சைக்கிளில் போகிறார்கள்

இதைப் பேசாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் இது எங்களைப் பற்றியது.

என் அப்பா காலத்தில் தோட்டத்தில் ராலே சைக்கிள் வைத்திருந்தவர் வசதியானவர். கேரியரின் இரண்டு பக்கமும் ரப்பர் பால் வாளி தொங்க, கால்சட்டை ஓரத்தைக் கிளிப் போட்டுக்கொண்டு போவார்கள். சைக்கிளுக்கு லைசன்ஸ் தகடு இருந்த காலம் அது. லைட் இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும் என்ற பயமும் இருந்தது. சைக்கிளும் ஒரு வாகனமாக மதிக்கப்பட்டது. பிறகு மோட்டார் வந்தது, தவணைக்குக் கார் வந்தது. இன்று எங்கள் ஊரில் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் என்றால் இரண்டு வகைதான்: மோட்டார் வாங்க முடியாத வயதான தமிழர்கள், வங்காளதேசத்திலிருந்தும் நேப்பாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள்.

விபத்து நடந்த வாரம் சாலையோர ஒட்டுக்கடையில் நான் கேட்டவை: "இந்த வயசுல எதுக்கு சைக்கிளு?" "பிள்ளைங்க ஒரு மோட்டார் எடுத்துக் குடுக்கலையா?" "அவரு பையன் நல்ல வேலையிலதானே இருக்கான், மானம் போகுது." கார் ஏன் லோரியை ஒட்டிக்கொண்டு போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. அடித்தது காராக இருந்தும் கூனிக்குறுகியது பெரியவர் குடும்பம். அவருடைய மகன் ஆஸ்பத்திரிக்கு வந்தவுடன் அப்பாவிடம் கேட்ட முதல் கேள்வி வலிக்கிறதா என்பது. இரண்டாவது, அந்த சைக்கிள் எங்கே, அதை முதலில் இரும்புக் கடையில் போட வேண்டும் என்பது. மகனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊர் வாயிலிருந்து அப்பாவைக் காப்பாற்ற நினைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே சாலையில் இன்னொரு கூட்டம் போகும். கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் கோலசிலாங்கூர் பக்கம் போகிறவர்கள், உடம்போடு ஒட்டிய வண்ண உடை, ஒரு கார் விலைக்கு சைக்கிள், முன்னும் பின்னும் மினுமினுக்கும் விளக்கு. அவர்களைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் ஹாரன் அடிப்பார்கள், ரோட்டை அடைத்துவிட்டார்கள் என்று திட்டுவார்கள். ஆனால் ஒதுங்கித்தான் போவார்கள். கூட்டமாக இருக்கிறார்கள், விலையுள்ள சைக்கிள், யார் வீட்டுப் பிள்ளையோ என்ற ஒரு தயக்கம். திட்டு வாங்குகிறவருக்கு இடம் கிடைக்கிறது. யாரும் திட்டாத, யாரும் கவனிக்காத பெரியவருக்கு அது கிடைப்பதில்லை.

சின்னப் பையன்களுக்கு வேறு பெயர் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18 விடியற்காலையில் ஜொகூர் பாருவில் மாற்றிக் கட்டிய சைக்கிள்களில் கூடியிருந்த பதின்ம வயதுப் பையன்கள் மீது கார் மோதி எட்டுப் பேர் இறந்தார்கள். அந்த வழக்கு நீதிமன்றம் நீதிமன்றமாகப் போய், 2023இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காரோட்டியை விடுவித்ததோடு முடிந்தது. தீர்ப்பைப் பற்றிப் பேச நான் ஆளில்லை. ஆனால் அதற்குப் பிறகு அப்படி மாற்றிக் கட்டிய சைக்கிளைக் குறிக்கும் 'லாஜாக்' என்ற சொல் எல்லார் வாயிலும் ஒட்டிக்கொண்டது. டியூஷனுக்கு ஒழுங்காகப் போகிற தமிழ்ப்பள்ளிப் பிள்ளையைப் பார்த்தும் "லாஜாக் வருது" என்கிறார்கள். பிள்ளை மறைந்து அந்தச் சொல் மட்டும் நிற்கிறது.

ஸ்டேஷன், சொக்சோ

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டேஷனில் பெரியவரிடம் கேட்ட முதல் கேள்வி, லைட் இருந்ததா என்பது. நியாயமான கேள்விதான். பையனிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, லோரிக்கும் உனக்கும் எவ்வளவு தூரம் என்பது. யாரும் கேட்கவில்லை. கடைசியில் பையனுக்கு சம்மன் வந்தது, கட்டினான். 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 43ஆம் பிரிவில், கவனமில்லாமல் ஓட்டுவதோடு சேர்த்து, சாலையைப் பயன்படுத்தும் பிற ஆட்களைப் பொருட்படுத்தாமல் ஓட்டுவதையும் குற்றம் என்கிறது. பிற வண்டிகள் என்று சொல்லவில்லை, ஆட்கள் என்கிறது. அந்த வரியை இப்போது என் வகுப்புப் பலகையில் எழுதிவைத்திருக்கிறேன்.

குத்தகைக்காரர், "ரோட்டுல நடந்ததுக்கு நாங்க பொறுப்பில்ல" என்றார். அது தவறு. 1969ஆம் ஆண்டின் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டப்படி (இதை நடத்தும் நிறுவனம்தான் சொக்சோ) வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் நேரே போய்வரும் வழியில் நடக்கும் விபத்தும் வேலை விபத்துதான். அதில் கார், மோட்டார், சைக்கிள், நடை என்ற பேதம் கிடையாது. அறுபது தாண்டியவருக்கும் வேலை விபத்துப் பாதுகாப்பு உண்டு. வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் 2019 ஜனவரியிலிருந்து சொக்சோ உண்டு. படிவங்களை நிரப்பிக் கொடுத்தோம், அலைந்தோம், வேலைக்குப் போகாத நாள்களுக்குக் கணக்கிட்ட தினக்கூலியில் 80 சதவிகிதம் வந்தது. தோட்டத்துப் பக்கம் சைக்கிளில் போகிற பலருக்கு இது தெரியாது என்பதால் இங்கே எழுதுகிறேன்: கீழே விழுந்த அன்றே கிளினிக்குக்குப் போங்கள், சீட்டை வாங்கி வையுங்கள்.

இருக்கை மாறியபோது

பெரியவர் கையைத் தொட்டில் கட்டியிருந்த ஆறு வாரத்தில் பையன் மூன்று முறை பழங்களோடு வந்தான். முதல் முறை வாசலிலேயே நின்றான். பெரியவர்தான், "உள்ள வாப்பா, சாப்பிட்டியா?" என்றார். இரண்டாவது முறை சைக்கிளைக் கேட்டான். மகன் தூக்கிப் போடவிருந்ததைத் தான் சரி செய்து தருவதாகச் சொன்னான். சக்கரம் மாற்றி, பின்னால் விளக்கு வைத்துக் கொண்டுவந்தான்.

அப்போது நான் ஒன்று கேட்டேன். "தாமான்லேருந்து தோட்டத்து சிம்பாங் (சந்தி) வரைக்கும் நீ இதுல போயிட்டு வா. நான் கார்ல பின்னால வர்றேன்." தண்டனையாக நினைத்துவிடுவானோ என்று தயங்கித்தான் கேட்டேன். ஒப்புக்கொண்டான். தலைக்கவசம் போட்டு, நான் வெகுதூரம் பின்னால் விளக்கு மின்ன, காலை ஏழரைக்கு, வெளிச்சத்தில்.

முதல் லோரி கடந்தபோது அவன் தோள் இரண்டும் காது வரை ஏறியதைப் பின்னாலிருந்து பார்த்தேன். பெரிய வண்டி கடக்கும்போது முதலில் காற்று வெளியே தள்ளும், கடந்து முடிந்ததும் உள்ளே இழுக்கும். அவன் மணலில் இறங்கினான், சக்கரம் ஆடியது, கால் ஊன்றி நின்றுவிட்டான். பிறகு மறுபடி ஏறினான். சிம்பாங் வந்து இறங்கியபோது முதலில் சொன்னது, "சார், லோரி எனக்கு நல்லா இடம் விட்டுத்தான் போச்சு, இல்ல? எனக்கு ஏன் இடிக்கப் போற மாதிரியே இருந்துச்சு?" நான் பார்த்தவரை லோரிக்கும் அவனுக்கும் ஒரு மீட்டர் இருந்திருக்கும். ஒரு மீட்டரே அப்படி இருந்தால் அரை மீட்டர் எப்படி இருக்கும் என்று நான் அவனைக் கேட்கவில்லை. அவன் பெரியவரின் கேரியரைத் தடவிக்கொண்டு நின்றான்.

இப்போது என்னிடம் படிக்க வருகிறவர்களுக்கு, சாலைக்குப் போகுமுன் ஒரு நாள், சைக்கிளில் போகும் அந்த அக்கா சொன்னதைச் சொல்கிறேன், பலகையில் 3.2 மீட்டர் வரைந்து கணக்குப் போடுகிறேன். முன்னால் போகும் லோரி காரணம் தெரியாமல் ஒடித்தால் அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று எடுத்துக்கொண்டு காலை எடு, பிறகு பார்த்தால் குழியாக இருந்தால் இருக்கட்டும் என்கிறேன். ஹாரன் அடி என்பதை நிறுத்திவிட்டேன். வெளிச்சப் பட்டை ஒரு சுருள் வாங்கி, தாமானிலிருந்து சைக்கிளில் போகிறவர்களுக்குக் கணுக்காலில் கட்டக் கொடுத்தேன். வங்காளதேசத் தம்பிகள் சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டார்கள். ஓரத்து மணலை அள்ளச் சொல்லி எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, மணல் அப்படியே இருக்கிறது.

பெரியவர் பதினோரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினார். மகன் பழைய மோட்டார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். லைசன்ஸ் இல்லாததால் அது வீட்டு ஓரத்தில் துணி போர்த்தி நிற்கிறது. போன வாரம் பார்த்தபோது, இப்போதெல்லாம் பயமாக இருக்கிறதா அண்ணே என்று கேட்டேன்.

"பயம் என்ன தம்பி. லோரி ஆறு மணிக்கு ஓட ஆரம்பிக்கும். நான் அஞ்சு மணிக்கே கிளம்பிடுறேன். அப்ப ரோட்டுல ஒருத்தனும் இல்ல."

பெரட்டு ஏழு மணிக்கு. லயங்கள் இடிந்த இடத்தில் மாரியம்மன் கோயில் மட்டும் இன்னும் இருக்கிறது. அதுவரை அதன் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்.